இடப்பக்கம், ஐந்தாவது வரிசை

எங்கள் படகு ஒரு மாதமாக இடப்பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது.

டிராகன் படகில் இருபது பேர் துடுப்புப் போடுவோம். இரண்டிரண்டு பேராகப் பத்து வரிசை. முன்னால் முரசடிப்பவர், பின்னால் சுக்கான் பிடிப்பவர். யார் எந்த வரிசை, யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் முகம் பார்த்து முடிவாவதில்லை, எடை பார்த்துத்தான். கனமானவர்கள் நடுவில், இலேசானவர்கள் முன்னும் பின்னும். எங்கள் கோச் எஞ்சினியருக்குப் படித்த சீனர். இருபது பேர் எடையையும் லேப்டாப்பில் போட்டு, இந்தப் பக்கம் இருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்து, அரைக் கிலோ வித்தியாசத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் படகு இடது தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது.

கோச் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஊறியிருக்குமோ என்று ஓர் ஆளைக் கூட்டிவந்து காட்டினார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று, "ஆமா லா, படகு பழசு" என்று ஒத்து ஊதினோம். உண்மை எங்களுக்குத் தெரியும். படிவத்தில் எடை எழுதச் சொன்னபோது நான் ஐந்து கிலோ குறைத்து எழுதினேன். எனக்கு முன்னால் இருந்தவர் எட்டு. வலப்பக்கத்தில் பெரும்பாலும் இருபது வயதுப் பெண்கள், மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள். இடப்பக்கம் முழுக்க நாற்பதைத் தாண்டிய நாங்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் குழுத் தலைவி அக்கா தன் பள்ளி வேனின் பின்கதவைத் திறந்து ஒரு தராசை இறக்கினார். பழைய பேப்பர் வாங்க வரும் லோரியில் வைத்திருப்பார்களே, ஏறி நிற்கிற மாதிரி இரும்புத் தராசு, அதேதான். யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். கரையில் வைத்து, செருப்பைக் கழற்றி, முதலில் அவரே ஏறினார்.

"தொண்ணூத்தி ஒண்ணு! கோச், நைன்டி ஒன். நல்லா பாத்துக்குங்க. ஃபார்ம்லயும் நான் அதான் எழுதியிருக்கேன். ஒரு மாசமா இவளுங்க ஒளிச்ச பாரத்தையும் சேத்து நான்தான் தள்ளிட்டு வரேன்."

கோச் லேப்டாப்பைத் திறந்தார். அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "வாங்க. யாரு அடுத்தது? நிறுத்தா ஒண்ணும் குறைஞ்சிடமாட்டீங்க."

நான் ஏறினேன். எழுபத்து மூன்று.

"அறுபத்தெட்டுன்னுதானே எழுதின? அஞ்சு கிலோ எங்க?"

"அது சாப்பிடறதுக்கு முன்னாடி எடுத்ததுக்கா."

"எந்த வருசத்துச் சாப்பாடு?"

கரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட. அதன் பிறகு மற்றவர்கள் ஏறுவது சுலபமாகிவிட்டது. எண் கேட்கக் கேட்கக் கோச் முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் இடப்பக்கம் இருபத்தாறு கிலோ கூடுதல் என்று வந்தது. நான்கு பேரை இடம் மாற்றினார். அக்காவை மட்டும் மாற்றவில்லை, இடப்பக்கம் ஐந்தாவது வரிசையிலேயே விட்டார். அன்று காலை படகு நேராகப் போனது.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் துடுப்புப் பிடிக்கும் யாரிடம் "அக்கா" என்றாலும் அவர்தான் என்று தெரிந்துகொள்வார்கள். எங்கள் குழுவின் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதுதான் அவர் பெயர் என்று நினைத்து ஒரு பந்தயத்தின் பெயர்ப்பட்டியலில் கோச் AKKA என்று டைப் அடித்து அனுப்பிவிட்டார். அக்கா அடையாள அட்டையை நீட்டியபோது பதிவு மேசையில் இருந்தவர், பட்டியலில் இப்படி ஓர் ஆளே இல்லை என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டினார் அக்கா. ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைப் பூச்சோங் பக்கம் இருக்கும் எங்கள் ஏரிக்கு உல்லாசப் பயணம் கூட்டிவந்திருக்கிறார். எங்கள் சங்கம் பிள்ளைகளுக்குப் படகுச் சவாரி காட்டியது. ஓர் இடம் மிச்சம் இருந்தது. வேனில் உட்கார்ந்து என்ன செய்வது என்று ஏறியவர், அடுத்த ஏழு வருடம் இறங்கவில்லை.

ஏரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது பழைய ஈயக் குட்டை. ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் தண்ணீர் நின்று, பிறகு சுற்றிலும் மரம் நட்டுப் பூங்காவாக்கிவிட்டார்கள். ஈயக் குட்டைப் பக்கம் போகாதே என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர். எத்தனை ஆழம் என்று யாருக்கும் தெரியாது என்பார்கள். என்னுடைய முதல் நாள், கரையிலேயே நின்றுகொண்டு அக்காவிடம் சொன்னேன், என் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று இருக்கிறது என்று.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார். "யாருக்குக் கண்டம்னு போடல. எனக்கா, தண்ணிக்கா? ஏறு."

ஏறினேன்.

எதையும் மூடி மழுப்பிச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. இதுதான் அவருடைய குணம். இதைத்தான் நான் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழுசாகச் சொல்லு, சத்தமாகச் சொல்லு. முணுமுணுத்தால் கொசுவுக்குத்தான் கேட்கும் என்பார். பூங்காவின் கழிப்பறையை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பிறகுதான் திறப்பார்கள். எங்கள் பயிற்சி எட்டிலிருந்து பத்து. இருபது பெண்கள் அடக்கிக்கொண்டு படகோட்டினோம் என்றால் ஆண்களுக்குப் புரியாது. அக்கா பூங்கா அலுவலகத்துக்குப் போய், ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டார். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பையன் பாவம், நல்ல பையன். "மேலிடத்து உத்தரவு, கக்" என்றான். மலாயில் கக் என்றாலும் அக்காதான்.

அக்கா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். "இந்த ஆபீசுக்கு மாடியே இல்லையே தம்பி. மேல யாரு இருக்கா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு அவனே ஒரு போன் போட்டுக் கேட்டான். அப்படி ஓர் உத்தரவே இல்லை என்று தெரிந்தது. முன்பு இருந்தவர் பூட்டினார், இவனும் பூட்டினான். அடுத்த வாரத்திலிருந்து ஏழரைக்கே திறந்துவைத்தான். அக்காவைப் பார்த்தால் சாவியை ஆட்டிக் காட்டுவான்.

இந்தக் குணம் இரும்புச் சாமான் மாதிரி. தேவைக்கு உதவும், காலில் விழுந்தால் வலிக்கும். என் காலிலும் விழுந்தது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். ஞாயிறு காலை கொம்யூட்டர் ரயில் பிடித்து சுபாங் ஜெயாவில் இறங்கினால் அக்காவின் வேன் நிற்கும். கிள்ளானிலிருந்து வரும் ஐந்தாறு பெண்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள். வழக்கமாகக் குடும்பக் கதைதான் ஓடும். என் கணவரைப் பற்றிக் கேட்டால் "அவுட்ஸ்டேஷன்" என்று சொல்லிவைத்திருந்தேன். இரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா ஒரு மனுசன் அவுட்ஸ்டேஷன்ல இருந்தா, அதுதான் அவன் ஊரு. எங்க இருக்காரு?"

"ஜொகூர்ல, அக்கா. வேலை."

"வேலையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போய்விட்டார், வேறு குடும்பம் இருக்கிறது, என் அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை என்று அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னேன். அக்கா வண்டியை ஓட்டிக்கொண்டே "சரி" என்றார். அவ்வளவுதான். ஓர் ஆறுதல் வார்த்தை கிடையாது. அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். மூன்று ஞாயிறு போகவில்லை.

மூன்றாவது ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "உன் சீட்டுல மணல் மூட்டை வெச்சு ஓட்டுறோம். எழுபத்து மூணு கிலோவுக்கு மூட்டை கட்டுறது கஷ்டமா இருக்கு. அடுத்த வாரம் வரியா, இல்ல இன்னொரு மூட்டை கட்டவா?"

போனேன். வேனில் யாரும் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவர் ஒரு சூடான கறிப்பாவ் ரொட்டிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அடுத்த வாரம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். அந்த விஷயத்தில் அக்கா செய்தது சரி என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் கதையை எப்போது சொல்வது என்பது என் பாடு. இதை அவர் முகத்துக்கு நேராகவே ஒருமுறை சொன்னேன். "சரிதான்" என்றார். அதோடு என்னைக் கேள்வி கேட்பதையும் குறைத்துக்கொண்டார்.

டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியால் சங்கத்தின் மாத மடல் என் தலையில் விழுந்தது. எங்கள் வட்டாரப் படகுச் சங்கத்தில் ஆறு குழுக்கள். யாருக்குப் பிறந்தநாள், எந்தக் குழு எங்கே ஜெயித்தது, யார் வீட்டுப் பண்டிகைத் திறந்த இல்ல உபசரிப்பு, எந்தப் படகு பழுது என்று எல்லாவற்றையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அடித்து, தமிழுக்கும் சீனத்துக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எங்கள் மகளிர் குழுவைப் பற்றிப் போட்டி முடிவு எழுதுவது மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லாத வேலை. எப்போதும் கடைசி. முந்தின மாதத்து வரியைக் காப்பி எடுத்து ஒட்டினால் போதும்.

கடைசியாக வருவதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. சங்கத் தலைவருக்கு இருந்தது. நல்ல உயரம், நல்ல சட்டை, எல்லோரையும் "சிஸ்டர்", "பிரதர்" என்று அழைப்பார். நம் ஆள்தான். அவர் வந்த பிறகு ஒரு விதி கொண்டுவந்தார். ஆண்டுப் பந்தயத்தில் நேரம் பதிவாகாத குழுவுக்கு அடுத்த ஆண்டு பயிற்சிப் படகு கிடையாது. கேட்பதற்கு நியாயமான விதி. ஆனால் ஞாயிறு காலை எங்களுடைய படகு நேரத்தைக் கம்பெனி ஊழியர்களின் குழுப் பயிற்சிக்குக் கொடுக்க அவர் ஆசைப்பட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு சனிக்கிழமையும் வேலை. வேறு நாளில் கூட முடியாது. அந்தப் படகு போனால் குழுவே போய்விடும்.

எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற நேரமெல்லாம் அலுவலகமும் பூட்டிய வீடும்தான்.

பந்தய நாள் காலை வழக்கம்போல டிராகன் தலைகளுக்குக் கண் வைக்கும் சடங்கு நடந்தது. சிவப்பு மை தொட்டுக் கண்மணியில் புள்ளி வைத்த பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும். எங்கள் குழுவின் தமிழ்ப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோயிலில் சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பதைப் பார்த்தவர்கள்தானே. எங்கள் படகின் கொம்பில் அக்கா ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகினார். முரசடிக்கும் மெய் லிங் அது விழாமல் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினாள்.

மகளிர் ஐந்நூறு மீட்டர் பதினொன்றரை மணிக்கு என்று நிரலில் அச்சடித்திருந்தது. நான்கு குழுக்கள். மற்ற மூன்றும் காலையில் கலப்புப் பந்தயத்தில் கலந்துகொண்டு நேரம் பதிந்துவிட்டன. எங்களுக்கு இந்த ஒன்றுதான். பதினொன்றே காலுக்கே படகில் ஏறி, தொடக்கக் கோட்டுக்குப் போய்க் காத்திருந்தோம்.

பரிசு கொடுக்க வரவேண்டிய பிரமுகர் பன்னிரண்டுக்கு வருவதற்குப் பதில் பதினொன்றரைக்குச் சற்று முன்பே வந்துவிட்டார். அவருக்கு அடுத்த நிகழ்ச்சி இருந்ததாம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: நேரமின்மையால் மகளிர் இறுதிப் போட்டி ரத்து, படகுகள் கரை திரும்பவும். தொடக்கப் படகில் கொடி பிடித்திருந்தவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு, இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்ற மூன்று படகுகளும் திரும்பின. அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது. வெயில் அப்படி.

ஐந்தாவது வரிசையில் அக்கா எழுந்து நின்றார். டிராகன் படகில் நடுவில் எழுந்து நிற்கக் கூடாது. தொண்ணூற்றொரு கிலோ எழுந்தால் படகு என்ன பாடுபடும் என்று நினைத்துப்பாருங்கள். எல்லோரும் இரண்டு பக்கமும் துடுப்பைத் தண்ணீரில் தட்டையாக வைத்துப் பிடித்துக்கொண்டோம்.

"யாருக்கு இறங்கணும்? இப்பவே சொல்லிடுங்க. கரையில விட்டுட்டு வந்து, இருக்கிறவங்களை வெச்சு ஓட்டுவோம். நான் தனியாளா இருந்தாலும் ஓட்டுவேன், நேரம் கொஞ்சம் ஆவும்."

எனக்கு இறங்கவேண்டும் போலத்தான் இருந்தது. மேடைக்கு முன்னால், மைக்கில் பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கு முன்னால் போகவேண்டுமே என்று கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் துடுப்பைத் தூக்கிவிட்டார். நானும் தூக்கினேன்.

"மெய் லிங்," என்றார் அக்கா. "அடி."

அவள் அடித்தாள். நாற்பத்தைந்து கிலோகூட இருக்கமாட்டாள். அன்று அவள் அடித்த அடியில் கரையில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. முதல் நூறு மீட்டர் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் இருப்பவரின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போட்டேன். முந்நூறு தாண்டும்போது மேடைப் பேச்சு காதில் விழுந்தது. இளைஞர், விளையாட்டு, ஒற்றுமை. பிறகு முரசுச் சத்தத்தில் அதுவும் அமுங்கிப்போனது. கூடாரத்தில் இருந்த ஜனம் நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது. பக்கத்தில் துடுப்பு எதுவும் இல்லாததால் எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது. இருபது பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது எனக்கு அதற்கு முன் கேட்டதே இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கூடாரமே கத்தியது. அன்றைக்கு நாங்கள்தான் முதலிடம். கடைசி இடமும் நாங்கள்தான்.

நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் அழுதேன்.

சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. சங்கத்தின் செயலவையிலிருந்து கடிதம் வந்தது. ரத்தான பந்தயத்தில் ஓட்டிய நேரம் செல்லாது. குழுத் தலைவி எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் மறுபரிசீலனை செய்யப்படும். இல்லாவிட்டால் படகு இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பேசினார்கள், அக்காவைத் தவிர. "ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டா என்ன?" "நமக்குப் படகுதானே வேணும்." "தலைவர் ஆளு மோசமில்ல, ஈகோ மட்டும்தான்." இதில் இரண்டாவது வரி என்னுடையது. கடிதத்தை நானே வரைந்து தருகிறேன் என்று சொன்னதும் நான்தான். வக்கீல் அலுவலகத்தில் மன்னிப்புக் கடிதம் அடித்து அடித்து எனக்கு அது தூக்கத்திலும் வரும். மலாயில் ஒரு பக்கம், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி எழுதி அக்காவின் வேனில் வைத்துக் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்க. 'நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறேன்'னு மூணு தடவ வருது. என்ன சம்பவம்?"

"அதான்கா... நாம ஓட்டினது."

"ஓட்டினதுக்கு வருத்தமா உனக்கு?"

அக்கா தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "சனிக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வரேன். எழுதித் தரேன். கவலைப்படாத" என்றார். கவலைப்படாதே என்று அவர் சொன்னதும்தான் எனக்குக் கவலை அதிகமானது.

கூட்டம் கிள்ளானில், ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை மதியம். ஆறு குழுக்களின் ஆட்களும் வந்திருந்தார்கள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, எங்கள் பெண்கள் அத்தனை பேரும் பின்வரிசையில் பரீட்சை எழுத வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். கோச் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து, அன்பாகத்தான் பேசினார்.

"சிஸ்டர், சங்கம் ஒரு குடும்பம். ஒரே ஒரு மன்னிப்புக் கடிதம். எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன், அதை எழுதிக் குடுத்துட்டா அன்னைக்கு நேரம் பதிவாயிடும், ஞாயித்துக்கிழமை படகு உங்களுக்கே. முடிஞ்சது கதை."

அக்கா முன்னால் போய் அவர் மேசைக்கு எதிரே நாற்காலி இழுத்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"எழுதுறேன் தலைவரே. மன்னிப்புக் கேக்கிறதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. என்ன தப்புன்னு நீங்க சொல்லுங்க, வரிக்கு வரி அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சிஸ்டர்."

"எனக்குத் தெரியல. சொல்லுங்க."

தலைவர் தொண்டையைச் சரிசெய்தார். "விருந்தாளிக்கு மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டீங்க."

"என்ன பண்ணோம்?"

"அவர் பேசும்போது முரசு அடிச்சீங்க."

"படகுப் பந்தயத்துல முரசு அடிச்சோம்னு எழுதவா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் அந்தப் பக்கம் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ரத்து பண்ண பந்தயத்தை ஓட்டினீங்க. அதை எழுதுங்க."

"எழுதுறேன். யார் ரத்து பண்ணது, அதையும் போடணும்ல."

பந்தயத்தை ரத்து செய்ய நடுவர்களால்தான் முடியும் என்பது துடுப்புப் பிடிக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. எங்கள் நேரக்காப்பாளர், எழுபது வயதுச் சீன அங்கிள். வருடக்கணக்காக எல்லைக்கோட்டுக் கோபுரத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பவர். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"ரத்துன்னு என்கிட்ட ஒருத்தரும் வந்து சொல்லல, சேர்மன். நான் மேலதான் உட்கார்ந்திருந்தேன். நிரல்ல பந்தயம் இருக்கு, கோட்டுல படகு இருக்கு. முரசு கேட்டுச்சு, வாட்சை அமுக்கினேன். சத்தம் ஐந்நூறு மீட்டர் வந்து சேர ஒண்ணரை செகண்ட் ஆகும். அதையும் கூட்டித்தான் எழுதி வெச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அக்கா பேனாவைத் தாளின் மேல் வைத்தபடியே இருந்தார்.

"சரி, விடுங்க" என்றார் அக்கா. "ஒரு தப்பு இருக்கு. நானே எழுதிடறேன்."

நாலு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். மலாயில் இருந்ததை நான் தமிழில் தருகிறேன்.

"சங்கத் தலைவர் அவர்களுக்கு. பதினொன்றரை மணிக்குத் தொடங்கவேண்டிய மகளிர் பந்தயத்தை எங்கள் குழு பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. பதினைந்து நிமிடத் தாமதத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு சரியான நேரத்துக்கு ஓட்டுவோம்."

வாசித்து முடித்ததும் கடிதத்தை இரண்டு கையாலும் தலைவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்? மன்னிப்புக் கடிதம் கேட்டது அவர், என்ன கிடைக்கும் என்று சபைக்கு வாக்குக் கொடுத்ததும் அவர். அங்கிள்தான் முதலில் கைதட்டினார்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், மடல்ல நீட்டி எழுதவேணாம். மகளிர் குழுத் தலைவி மன்னிப்புக் கோரினார், செயலவை ஏற்றுக்கொண்டது. ஒரு வரி போதும்."

நான் தலையாட்டினேன். ஆட்டிய தலையோடு வீட்டுக்கு வந்து, அக்காவின் கடிதத்தை எழுத்து மாறாமல் நான்கு மொழியிலும் முதல் பக்கத்தில் போட்டேன். அதன் கீழே, நேரக்காப்பாளர் பதிந்த நேரம், மூன்று நிமிடம் பத்து வினாடி, ஒலி வந்து சேர்ந்த ஒன்றரை வினாடி உட்பட. என் பெயரையும் அடியில் போட்டேன். அதுவரை நான் மடலில் பெயர் போட்டதில்லை.

அடுத்த மாதம் மடல் வேலை என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் படகு இருந்தது.